கழுத்துக்குள்ள ஆழத்துல கட்டி: எந்த ஸ்கேன், எந்த வழி, வெட்டணுமா காத்திருக்கணுமா?

என் அத்தைக்கு கழுத்துக்குள்ள ஆழத்துல கட்டின்னு தெரிஞ்ச அன்னைக்கு வீட்ல எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான், ஆபரேஷன் எப்போ? அதுக்கப்புறம் நாலஞ்சு மாசம் ஸ்கேன் ஃபைலைத் தூக்கிக்கிட்டு டாக்டர் டாக்டரா ஏறி இறங்கினதுல எனக்குப் புரிஞ்சது, அது ரெண்டாவது கேள்வி. முதல்ல கேட்க வேண்டியது இந்தக் கட்டி எதுலேர்ந்து கிளம்பியிருக்குன்னு. உமிழ்நீர் சுரப்பியா, நரம்பா, இல்ல மூளைக்கு ரத்தம் கொண்டு போற கரோட்டிட் ரத்தக்குழாய் ரெண்டா பிரியுற இடத்துல அரிசி அளவுல உட்கார்ந்திருக்கிற கரோட்டிட் பாடியா? இது தெரிஞ்சாதான் மத்ததெல்லாம் பேசவே முடியும்.

இடம் அப்படி. தொண்டைச் சுவருக்கும் தாடைக்கும் நடுவுல, மண்டையோட்டு அடியிலேர்ந்து கழுத்து முன்பக்கம் இருக்கிற ஹையாய்ட் எலும்பு வரைக்கும், தலைகீழா கவுத்து வச்ச பிரமிட் மாதிரி ஒரு இடைவெளி, பாராஃபேரிஞ்சியல் ஸ்பேஸ்னு சொல்றாங்க. தலை கழுத்துக் கட்டிகள்ல இங்க வர்றது 200ல ஒண்ணுங்கிற கணக்குதான், அதுலயும் சுமார் 80 சதவீதம் புற்றுநோய் இல்லாத கட்டி. வெளிய கையை வச்சா தெரியாது, ரெண்டரை மூணு செ.மீ. வளர்ந்த அப்புறம்தான் வாய்க்குள்ள டான்சில் பக்கம் உள்ள தள்ளின மாதிரி தெரிய ஆரம்பிக்கும். அத்தைக்கு அதை டான்சில் வீக்கம்னு நெனச்சு ரெண்டு ரவுண்டு ஆன்டிபயாடிக் குடுத்தாங்க. வலி இல்ல, காய்ச்சல் இல்ல, ஒரு பக்கம் மட்டும் வீங்கியிருக்கு, அப்படின்னா அது டான்சில்தானான்னு தயவுசெஞ்சு இன்னொரு தடவ கேளுங்க.

சிடியா எம்ஆர்ஐயான்னு கேட்டா, ஒண்ணுதான் எடுக்க முடியும்னா நான் எம்ஆர்ஐ பக்கம். சிடி சீக்கிரம் முடிஞ்சிடும், மண்டையோட்டு அடி எலும்பை கட்டி அரிச்சிருக்கான்னு அதுலதான் நல்லா தெரியும். ஆனா சதை, கொழுப்பு, நரம்புன்னு பிரிச்சுக் காட்டுறதுல எம்ஆர்ஐ பக்கத்துலகூட அது வராது. ஒரு சர்ஜன் ஸ்கிரீன்ல பேனா முனையை வச்சு "இந்தக் கறுப்புப் புள்ளிதாம்மா கரோட்டிட், கட்டி இதைப் பின்னாடி தள்ளியிருக்கு பாருங்க"ன்னு காட்டினார். பின்னாடி தள்ளியிருந்தா பெரும்பாலும் உமிழ்நீர் சுரப்பிக் கட்டி, முன்னாடி தள்ளியிருந்தா பெரும்பாலும் நரம்புக் கட்டி இல்ல பாராகாங்க்லியோமா, அதாவது கரோட்டிட் பாடி, வேகஸ் நரம்பு மாதிரி இடங்கள்ல இருக்கிற சின்னச் செல் கூட்டத்துலேர்ந்து கிளம்புற கட்டி. கரோட்டிட் பாடி கட்டின்னா ரெண்டு ரத்தக்குழாயும் உண்டிவில் கவட்டை மாதிரி விரிஞ்சு நடுவுல பந்தைச் சொருகின மாதிரி இருக்கும், அதை ஒரு தடவ பார்த்தா மறக்காது. பாராகாங்க்லியோமான்னு சந்தேகம் வந்தா டோட்டாடேட் பெட் (PET) ஸ்கேன், இந்த வகைச் செல்லுல போய் ஒட்டுற கதிரியக்க மருந்தை ஏத்தி எடுக்கிறது, அது வேற எங்கயாவது இன்னொண்ணு ஒளிஞ்சிருந்தாலும் காட்டிக் குடுத்துடும்.

அடுத்து பயாப்ஸி, இங்கதான் நெறைய பேர் அவசரப்படுறாங்க. வாய்க்குள்ள வீக்கம் கண்ணுக்குத் தெரியுதே, அங்கயே கொஞ்சம் கீறி எடுத்துடலாமேன்னு தோணும். ஸ்கேன் பார்க்காம அதைச் செய்யவே கூடாது. ரத்தம் நிறைஞ்ச பாராகாங்க்லியோமாவா இருந்தா ரத்தப்போக்கை நிறுத்துறதே பெரும்பாடு. உமிழ்நீர் சுரப்பிக் கட்டியா இருந்தா உறை கிழிஞ்சு உள்ள இருக்கிறது சிதறிடும், வருஷங்கள் கழிச்சு அங்கங்க சின்னச் சின்ன முடிச்சா திரும்பி வரலாம். ஊசி போட்டு எடுக்கிற எஃப்என்ஏசி அதைவிட பாதுகாப்பு, அதுவும் எம்ஆர்ஐக்கு அப்புறம்தான். நரம்புக் கட்டியில ஊசி பல சமயம் உருப்படியா பதில் சொல்லாதுங்கிறதையும் மனசுல வச்சுக்கணும். பாராகாங்க்லியோமாவுக்கு ஸ்கேனே போதும், பயாப்ஸி வேண்டாம். அதுக்குப் பதிலா ரத்தத்துலயோ சிறுநீர்லயோ பார்க்கிற மெட்டாநெஃப்ரின் டெஸ்ட் பண்ணியே ஆகணும், ஏன்னா இந்தக் கட்டிகள்ல சிலது அட்ரினலின் வகையைச் சுரக்கும், தெரியாம மயக்க மருந்து குடுத்தா டேபிள்லயே பிபி எகிறிடும்.

ஆபரேஷன் வழின்னு பார்த்தா பெரும்பாலான கட்டிக்கு கழுத்து வழிதான் நம்பகமானது. தாடைக்கு ரெண்டு விரக்கடை கீழ கீறல், கீழ் உதட்டை அசைக்கிற நரம்பு தப்பிக்கும், கரோட்டிட், குரலையும் முழுங்குறதையும் பார்த்துக்கிற வேகஸ் நரம்பு எல்லாம் சர்ஜன் கண் முன்னாடியே இருக்கும். காது முன்னாடி இருக்கிற உமிழ்நீர் சுரப்பியான பரோட்டிட்டோட ஆழமான பாகத்துலேர்ந்து வந்த கட்டின்னா காது முன்னாடி வரைக்கும் கீறலை நீட்டி முக நரம்பைத் தேடிப் பிடிச்சிட்டு எடுக்கிறாங்க. தாடை எலும்பைப் பிளக்கிறது ரொம்பப் பெரிய கட்டி, புற்றுநோய் மாதிரி சந்தர்ப்பத்துக்குத்தான். ரோபோவை வச்சு வாய் வழியா எடுக்கிறதுல வெளிய தழும்பு இல்ல, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம், கேட்கவே ஆசையாத்தான் இருக்கும். ஆனா கரோட்டிட் குழாய், கட்டிக்குப் பின்னாடி மறைஞ்சிருக்கும், உறை கிழியுற வாய்ப்பும் உண்டு, அதனால சின்னதா, எல்லை தெளிவா, கரோட்டிட்லேர்ந்து தள்ளி இருக்கிற கட்டிக்கு மட்டும் சரி. தழும்புக்காக அந்த வழியைக் கேட்டு வாங்காதீங்கன்னுதான் நான் சொல்லுவேன், கழுத்து மடிப்புல போற கீறல் நாளாக ஆக மங்கிடும்.

நரம்புக் கட்டி, அதாவது ஷ்வானோமான்னா முழுசா எடுக்கிறதா, உறையை விட்டுட்டு உள்ள இருக்கிறதை மட்டும் தோண்டி எடுக்கிறதான்னு ஒரு சண்டை. வேகஸ் நரம்பா இருந்தா ரெண்டாவதுதான் என் ஓட்டு, நரம்பு கொஞ்சமாவது பிழைக்கும். முழு நரம்பையும் வெட்டினா குரல் காத்தா போயிடும், தண்ணி குடிச்சாலே புரை ஏறும்.

பாராகாங்க்லியோமா விஷயத்துல மூணு பாதை. கரோட்டிட் பாடி கட்டி சின்னதா இருந்து வயசும் கம்மின்னா ஆபரேஷன். 1971ல ஷாம்ப்ளின் வகுத்த மூணு நிலை இன்னைக்கும் பேச்சுல இருக்கு, முதல் நிலையில குழாயிலேர்ந்து உரிச்சு எடுத்துடலாம், மூணாவதுல கட்டி குழாயையே சுத்தி வளைச்சிருக்கும், குழாயை வெட்டி ஒட்டு போட வேண்டி வரலாம். பெரிய கட்டிக்கு ஓரிரு நாள் முன்னாடியே ரத்த ஓட்டத்தை அடைக்கிற எம்போலைசேஷனும் சிலர் செய்றாங்க. வேகஸ்லேர்ந்து கிளம்பினதா இருந்தா ஆபரேஷன்ல அந்த நரம்பு அநேகமா போயிடும், அதனால ரேடியேஷன், சுமார் 45 முதல் 50 கிரே (கதிர்வீச்சோட அளவு), 25 தடவையா பிரிச்சு. கட்டி மறையாது, ஆனா பத்துல ஒம்பது பேருக்கு மேல வளர்ச்சி நின்னுடுது. மூணாவது பாதை சும்மா கவனிச்சுக்கிட்டே இருக்கிறது, பெரும்பாலும் வருஷத்துக்கு 1 மி.மீ. அளவுதான் வளருது, 75 வயசுக்காரருக்கு தொந்தரவே இல்லாத கட்டியை எடுக்கப் போய் குரலையும் முழுங்குறதையும் பறிக்கணுமா சொல்லுங்க. ரெண்டு பக்கமும் கட்டி இருந்தா இன்னும் யோசிக்கணும், ரெண்டையும் எடுத்தா பிபியைக் கட்டுப்படுத்துற உணர்வே போய் பிபி தாறுமாறா ஏறி இறங்கும். அப்புறம் மரபணு டெஸ்ட், மூணுல ஒருத்தருக்காவது இது பரம்பரையா வருது, எஸ்டிஹெச்டி (SDHD)ங்கிற ஜீன்ல கோளாறுன்னா அப்பா வழியா வந்தாதான் கட்டி முளைக்கும், அம்மா வழியா வந்தா அநேகமா வராது. அதனால கூடப் பிறந்தவங்களையும் டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க.

அத்தைக்கு பரோட்டிட் ஆழக் கட்டி, கழுத்து வழியா உறையோட முழுசா வந்துடுச்சு. ரெண்டு வாரம் கழிச்சு சாப்பிட உட்கார்ந்து முதல் வாய் வச்சதும் தாடை ஓரத்துல கத்தி குத்தின மாதிரி வலின்னு கையை உதறிட்டாங்க, அடுத்தடுத்த வாய்க்குக் கொறைஞ்சிடுச்சு. "திரும்ப வந்துடுச்சு போலடா"ன்னு அழுதாங்க. அது கட்டி இல்ல, ஃபர்ஸ்ட் பைட் சிண்ட்ரோம், பரோட்டிடுக்குப் போற சிம்பதெடிக் நரம்பு (நம்ம கட்டுப்பாடு இல்லாம தானா வேலை செய்ற நரம்பு) பாதிச்சா வர்றது, இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் தெரிஞ்ச ஒண்ணுதான், பலருக்கு மாசக்கணக்குல தானா கொறையும். யாரும் எங்ககிட்ட முன்கூட்டி சொல்லல. கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி இதையும் கேட்டு வச்சுக்கோங்க.