768 பிக்சல் உயரத்துக்குள் ஒரு டெஸ்க்டாப்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் வார இறுதித் தமிழ் வகுப்புக்குப் பாடத்தாள் தயாரிப்பதுதான் என் மடிக்கணினியின் முக்கிய வேலை. திரை 1366×768. அகலத்துக்குக் குறைவில்லை, உயரம்தான் போதாது. பல ஆண்டுகளில் லினக்ஸ் இயங்குதளத்தின் மூன்று டெஸ்க்டாப்களை, அதாவது சாளரம், மெனு, பணிப்பட்டை எல்லாம் தரும் திரைச் சூழல்களை, பயன்படுத்தியிருக்கிறேன்; மூன்றையும் இந்த உயரத்தை வைத்தே எடைபோடுகிறேன்.

முதலாவது, லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் யூனிட்டி. வெல்கமில் பிறந்த நம் மார்க் ஷட்டில்வொர்த் தொடங்கியது என்பதால் உபுண்டுவின் மேல் இங்கே பலருக்கும் ஒரு சொந்தம் உண்டு, எனக்கும்தான். 2011இல் வந்த 11.04 பதிப்பில், மெனு சாளரத்தை விட்டுத் திரையின் உச்சிப் பட்டைக்குப் போனது. சாளரத்தை முழுதாக விரித்தால் தலைப்புப் பட்டையும் அதிலேயே அடங்கிவிடும். கடிகாரம், மெனு, மூடும் பொத்தான் எல்லாம் ஒரே வரியில். இடச் சிக்கனத்தில் அதை மிஞ்சிய ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் சுட்டியை மேலே கொண்டுபோனால்தான் மெனு தெரியும். வகுப்புக்கு வரும் முதியவர்களுக்கு அது இல்லாததற்குச் சமம்.

2017இல் 17.10 பதிப்போடு உபுண்டு க்னோம் என்ற டெஸ்க்டாப்புக்குத் திரும்பியது. க்னோம் செயலிகளில் தலைப்பும் கருவிப் பொத்தான்களும் ஒரே தடித்த பட்டையில் இருக்கும். அந்த முறைக்கென்றே எழுதப்பட்ட செயலிகளில் இது லாபம்தான். நான் பாடத்தாள் எழுதும் அலுவலகச் செயலியான லிபர்ஆபிஸ் அப்படி எழுதப்பட்டதல்ல. தலைப்பு, மெனு, இரண்டு கருவிப் பட்டைகள், அளவுகோல் என்று அடுக்கிக்கொண்டே போகும். எனக்கு உயரமும் மிஞ்சவில்லை, தோற்றமும் ஒன்றாகவில்லை. தமிழ் இடைமுகத்தில் இன்னொரு தொல்லை: பொத்தான்களின் நீண்ட சொற்கள் இடத்தைப் பிடித்துக்கொள்ள, கோப்பின் பெயர் பாதியில் நறுக்கப்படும். என் கோப்புகள் எல்லாமே ‘தமிழ்ப் பாடம்’ என்று தொடங்குபவை. எது எந்தப் பாடம் என்று பட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இப்போது இருப்பது மூன்றாவது டெஸ்க்டாப், எக்ஸ்எஃப்சிஇ 4.18. பணிப்பட்டையை இடது ஓரத்தில் செங்குத்தாக நிறுத்திவிட்டேன். மிச்சமிருக்கும் அகலத்தைச் செலவழித்து உயரத்தை வாங்கிய கணக்கு. விரித்த சாளரங்களின் தலைப்பை மறைக்கும் வசதியும் உண்டு. அதைச் செய்தால் மூடும் பொத்தானும் போய்விடும், ஆல்ட்+எஃப்4 பழக வேண்டும். லிபர்ஆபிஸில் ஒற்றைக் கருவிப் பட்டைக்கு மாறி, அளவுகோலையும் எடுத்துவிட்டேன். ஃபயர்ஃபாக்ஸ் 2021இல் 89ஆம் பதிப்பில் நெருக்கமான தோற்றத்தை அமைப்புகளுக்குள் ஒளித்து வைத்தது. அதையும் தேடிப்பிடித்துப் போட்டிருக்கிறேன்.

வண்ணமும் மூலை வளைவும் செயலிக்குச் செயலி மாறுவது என்னை உறுத்துவதில்லை. பொத்தான் இருக்கும் இடம் மாறினால் உறுத்தும். யூனிட்டியில் இடப்பக்கம் மூடிப் பழகிய கை, க்னோமில் வெகுநாள் வெற்றிடத்தைச் சொடுக்கிக்கொண்டிருந்தது. எந்தச் சாளரம் இயங்குகிறது என்பதும் பளிச்சென்று தெரிய வேண்டும். லோட் ஷெட்டிங் எனும் முறைவைத்த மின்வெட்டு நேரத்தில் பேட்டரிக்காக வெளிச்சத்தைக் குறைத்து வேலை செய்து பாருங்கள், வெளிர்சாம்பலுக்கும் இளஞ்சாம்பலுக்கும் வித்தியாசமே இருக்காது. அதனால் தலைப்புப் பட்டைக்கு அடர்நீலம் வைத்திருக்கிறேன். அழகில்லை என்கிறாள் மகள்.

தீராதது உரையாடல் பெட்டிகள்தான். சிலவற்றில் ‘சேமி’ மேலே வலப்பக்கம், சிலவற்றில் கீழே. எக்ஸ்எஃப்சிஇயின் சொந்தப் பெட்டிகளில் பொத்தான்களைக் கீழே இறக்க 4.18இல் ஒரு விருப்பம் இருக்கிறது. 2022க்குப் பிறகு வந்த புதிய க்னோம் செயலிகளோ நான் தேர்ந்தெடுத்த அடர்நீலத்தையே மதிப்பதில்லை. அவற்றில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிட்டேன்.