பழைய டீசல் வான் வாங்குகிறவர்கள் முதலில் தாங்கிக்குள் என்ன நிறம் என்று பாருங்கள்

லண்டனிலும் அதைச் சுற்றியும் பழைய டீசல் வான் வாங்க நினைக்கிறவர்கள், குறிப்பாகக் கடைகளுக்குச் சாமான் ஏற்றுகிறவர்கள், கேட்டரிங் செய்கிறவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், தயவுசெய்து இதைக் கடைசிவரை வாசியுங்கள். விற்கிறவர் "தாங்கி நிறைய டீசல் அடிச்சுத் தாறன்" என்று சொன்னால், அந்த டீசலின் நிறத்தைப் பார்த்த பிறகுதான் திறப்பைக் கையில் வாங்க வேண்டும். எனக்கு அப்படி நிரப்பித் தந்தது சிவப்பு டீசல். ரோட்டில் மறித்தவர்களுக்கு அதை ஊற்றியவர் யார் என்பது இரண்டாவது விஷயம். வண்டி என் பெயரில் இருந்தது, எண்ணெய் வண்டிக்குள் இருந்தது, பிடிக்க அது காணும்.

சிவப்பு டீசல் என்பது வரி குறைத்துக் கொடுக்கிற டீசல். உழவு இயந்திரம், ரயில், மீன்பிடிப் படகு போன்றவற்றுக்காகக் கொடுப்பது, ரோட்டில் ஓடும் வண்டிக்கு இல்லை. 2022 மார்ச்சில் 5 பென்ஸ் குறைத்த பிறகு ரோட்டு டீசலுக்கு லீற்றருக்கு 52.95 பென்ஸ் தீர்வை, சிவப்புக்கு 10.18 பென்ஸ் என்று இருந்தது. வித்தியாசம் 42.77 பென்ஸ், அதற்கு மேல் 20 வீத வற் வரியையும் போட்டால் 51 பென்சைத் தாண்டும். 70 லீற்றர் பிடிக்கிற ஒரு வானுக்குக் கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 36 பவுண். அந்த 36 பவுணை மிச்சம் பிடிக்கத்தான் ஒரு மனிதர் என்னை இந்த வில்லங்கத்துக்குள் தள்ளிவிட்டுப் போனார், எனக்கு இன்னும் ஆறாத கோபம் அதுதான்.

நான் மரக்கறியும் மீனும் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுகிறவன். பழைய வான் இயந்திரம் பழுதாகி நின்றதால் அவசரமாக இன்னொன்று தேவைப்பட்டது. தெரிந்தவர் ஒருவர் மூலம் எசெக்ஸ் பக்கம் வான் வாங்கி விற்கும் ஒருவரிடம் போனேன், அவரும் தமிழர்தான். வாய் நிறைய அண்ணை அண்ணை என்று கதைத்தார். வான் ஒரு தோட்டப் பண்ணையில் ஓடினது, கவனமாக வைத்திருந்தார்கள் என்றார். என்னோடு வந்த மெக்கானிக் இயந்திரம், கியர், பிரேக், அடிப்பக்கத் துரு எல்லாம் பார்த்தார். எம்ஓடி, அதாவது வருடாந்த வாகனச் சோதனை, அதன் வரலாற்றை இணையத்தில் பார்த்தேன், ஓடிய மைல் கணக்குப் பொருந்தியது. கடன் பாக்கி, களவு, விபத்து எதுவும் இல்லை என்று காசு கட்டி எடுத்த அறிக்கையும் சொன்னது. இவ்வளவும் செய்தும் தாங்கிக்குள் இருக்கும் எண்ணெயைப் பற்றி ஒரு வரிகூட எங்கும் வராது. எம்ஓடி சோதனையில் எண்ணெயின் நிறத்தைப் பார்க்க மாட்டார்கள், அந்த வாகன அறிக்கைகளிலும் அது கிடையாது. நான் விலையைக் குறைக்கக் கேட்டபோது அவர் இறங்கவில்லை, அதற்குப் பதிலாக "காசு குறைக்கேலாது அண்ணை, ஃபுல் டாங்க் டீசலோட தாறன், ஒரு கிழமைக்கு நீங்கள் ஷெட் பக்கமே போகத் தேவையில்லை" என்று வட்ஸ்அப்பில் எழுதினார். அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்திருந்தது பிறகு எனக்குப் பெரிய துணையாக இருந்தது.

ஏ13 வீதியோரம் ஒரு தரிப்பிடத்தில் வான்களையும் லொறிகளையும் ஒவ்வொன்றாக ஒதுக்கி நிறுத்திக்கொண்டிருந்தார்கள். ரயரும் பாரமும் பார்க்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். எச்எம்ஆர்சி, அதாவது வரித் திணைக்களம், அதன் எரிபொருள் சோதனைக் குழுவும் அங்கே நின்றது. மூடியைத் திறந்து மெல்லிய குழாயை உள்ளே விட்டுக் கைப்பம்பால் ஒரு சின்னப் போத்தலுக்கு எண்ணெயை எடுத்தார்கள். அதற்குள் நான் ஸ்ரேசனில் நல்ல டீசல் அடித்து ஓடியிருந்தேன், அப்படியிருந்தும் போத்தலில் வந்தது ரோஸ் நிறம். ரோட்டு டீசல் வைக்கோல் நிறத்தில் வெளிறி இருக்கும், பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியும். மாதிரியைப் பிரித்து முத்திரை வைத்து ஒன்றை என் கையிலும் தந்தார்கள். மீனும் மரக்கறியும் வானுக்குள் கிடக்க, வண்டியைக் கைப்பற்றுவதாகக் கடதாசியும் தந்தார்கள். ஒரு தொகையைக் கட்டினால் அங்கேயே திருப்பித் தருவோம் என்றார்கள். சில நூறு பவுண். வெயிலில் மீனை வைத்துக்கொண்டு வாதாட முடியுமா? கட்டினேன்.

கொஞ்சம் சிவப்பு எண்ணெய் கலந்திருந்தால் தெரியாது, கனக்க நல்ல டீசல் அடித்தால் கழுவுப்பட்டுப் போய்விடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், அந்த விற்பனைக்காரரும் பிறகு அப்படித்தான் சொன்னார். அது சரியில்லை. சிவப்புச் சாயம் கண்ணுக்குத் தெரிகிறதற்கு மட்டும்தான், அதோடு கண்ணுக்குத் தெரியாத அடையாளப் பொருட்களும் சேர்க்கிறார்கள். குயினிசரின் என்ற ஒன்று, காரம் பட்டால் ஊதாவாக மாறும். சொல்வென்ட் யெல்லோ 124 என்ற இன்னொன்றும் சேர்த்து வந்தார்கள், அது அமிலம் பட்டால் சிவக்கும். சாயத்தை எடுத்துவிட்டு விற்கிறவர்களைப் பிடிப்பதற்காக 2015 ஏப்ரலில் பிரித்தானியாவும் அயர்லாந்தும் சேர்ந்து அக்கியூட்ரேஸ் என்ற புது அடையாளத்தையும் சேர்க்கத் தொடங்கின, அதைப் பிரித்தெடுப்பது மிகவும் கடினம். நிறம் போன பிறகும் சோதனையில் அகப்படும். ஃபில்டருக்குள்ளும் குழாய்களுக்குள்ளும் தங்கி நிற்கும் எண்ணெயிலும் இதே அடையாளங்கள் இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பிறகு ஒரு வழக்கறிஞரிடம் உட்கார்ந்து கேட்டேன், அவர் சொன்னதில் எல்லோருக்கும் தேவைப்படுகிறதை மட்டும் எழுதுகிறேன். 1979ஆம் ஆண்டின் ஐதரோகாபன் எண்ணெய்த் தீர்வைச் சட்டப்படி வரி குறைத்த எண்ணெயை ரோட்டு வண்டியில் பாவிப்பதும் அதன் தாங்கிக்குள் ஊற்றுவதும் குற்றம், வண்டியும் பறிமுதலாகலாம். கைப்பற்றியது சட்டப்படி சரியில்லை என்று வாதாட விரும்பினால் 1 மாதத்துக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அந்த மாதத்தைத் தவறவிட்டால் பறிமுதல் சரியானதுதான் என்று ஆகிவிடும், பிறகு அந்தக் கதவு திறக்காது. வண்டியைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்பது வேறு விண்ணப்பம், இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது. தண்டப் பணம் இன்னொன்று, அதற்கு நியாயமான காரணம் காட்ட இடம் உண்டு. வான் வாங்கிய ரசீது, ஃபுல் டாங்க் என்று எழுதிய வட்ஸ்அப் செய்தி, அதற்குப் பிறகு ஸ்ரேசனில் டீசல் அடித்த பில்கள் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினேன், என் மேல் தண்டம் போடவில்லை. அங்கே கட்டின காசு திரும்பவில்லை. மீன் பழுதான நட்டம், கடைக்காரர்கள் வேறு ஆளிடம் ஓடர் கொடுத்த நட்டம், தாங்கியைக் கழுவி ஃபில்டர் மாற்றிய செலவு எல்லாம் என் தலையில்.

விற்றவருக்கு அன்றே போன் எடுத்தேன். முதலில் தனக்குத் தெரியாது, பண்ணைக்காரர் அடித்துக் கொடுத்தது என்றார். பிறகு, அதெல்லாம் சின்ன விஷயம் அண்ணை, எல்லாரும் செய்கிறதுதான் என்றார். கடைசியில் பார்த்தபடியே விற்றது என்று ரசீதில் எழுதியிருக்கிறது, இனி என்னோடு கதைக்க வேண்டாம் என்று நம்பரை மறித்துவிட்டார். என் மெக்கானிக் அந்தப் பக்கம் விசாரித்ததில் அவரிடமிருந்து இதே பண்ணையின் வேறு வண்டிகளும் விலைப்பட்டிருக்கின்றன என்று தெரியவந்தது. அதை வாங்கினவர்களும் எங்கட ஆட்கள்தான். அதனால்தான் இதைச் சும்மா விட மனமில்லாமல் எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். கார் வாங்கும் சாதாரண ஆளுக்கு 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் இருக்கிறது, வியாபாரியிடம் வாங்கிய வண்டியில் குறை இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமையும் அதில் உண்டு. தொழிலுக்கென்று வான் வாங்குகிறவர்கள் அந்தச் சட்டத்துக்குள் வரமாட்டார்கள், அவர்களுக்கு 1979 பொருள் விற்பனைச் சட்டம்தான். அதிலும் விற்பனைக்காரரிடம் கேட்க வழி இருக்கிறது, ஆனால் பார்த்தபடியே விற்றது என்று எழுதிக் கையெழுத்து வாங்குவது நம்மை இழுத்தடிக்க அவர்களுக்கு உதவும், அந்த வரி இருந்தால் கையெழுத்துக்கு முன் வெட்டச் சொல்லுங்கள். தனியாளிடம் வாங்கினால் பாதுகாப்பு இன்னும் குறைவு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண் வரை சின்ன வழக்குகளாகப் போடலாம், நானும் அப்படித்தான் போட்டிருக்கிறேன், இன்னும் விசாரணைக்கு வரவில்லை.

சரி, வாங்கும்போது என்ன செய்வது? பல வான்களில் டீசல் ஃபில்டரின் அடியில் தண்ணீர் வடிக்கிற திருகாணி ஒன்று இருக்கும். மெக்கானிக்கைக் கொண்டு அதிலிருந்து கொஞ்சம் ஒரு தெளிந்த கண்ணாடிப் போத்தலில் எடுக்கச் சொல்லுங்கள், பின்னால் வெள்ளைத் தாள் பிடித்துப் பாருங்கள். தாங்கியைவிட ஃபில்டர் நல்லது, ஏனென்றால் விற்பதற்கு முன் தாங்கியை மாற்றி நிரப்பினாலும் ஃபில்டரில் பழையது கொஞ்சம் நிற்கும். ரோஸோ சிவப்போ தெரிந்தால் அங்கிருந்தே வந்துவிடுங்கள். அயர்லாந்திலிருந்து வந்த வண்டி என்றால் பச்சையாக இருக்கிறதா என்று பாருங்கள், அங்கே சலுகை டீசலின் நிறம் பச்சை. விற்பனைக்காரர் போத்தலில் எடுக்க விடமாட்டேன் என்றால் அதுவும் ஒரு பதில்தான். எல்லாம் சரியாக இருந்தாலும் ரசீதில் "இந்த வண்டியில் சலுகை எண்ணெய் பாவிக்கப்படவில்லை" என்று எழுதி வாங்குங்கள், போத்தலைப் படம் எடுத்து வைத்திருங்கள்.

நிறம் பார்த்துப் பிடிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. சாயத்தை அமிலம் போட்டோ, வெளுக்கும் மண், பூனைக் கழிவுக்குப் போடும் மண் என்பவற்றில் வடித்தோ எடுத்துவிட்டு, வெள்ளை டீசல் என்று விற்பது. வட அயர்லாந்தின் எல்லைப் பக்கம் பல வருடங்களாக நடந்து வந்த வேலை இது, மிஞ்சிய கழிவைப் பெரிய பிளாஸ்டிக் தாங்கிகளில் ரோட்டோரம் எறிந்துவிட்டுப் போனார்கள், துப்புரவு செய்த செலவு மக்கள் தலையில் விழுந்தது. அந்த எண்ணெயில் மிஞ்சிய அமிலம் எரிபொருள் பம்பையும் இன்ஜெக்டரையும் அரித்துவிடும். இன்ஜெக்டர் மாற்றுகிற விலை தெரிந்தவர்களுக்கு லீற்றருக்குப் பத்துப் பதினைந்து பென்ஸ் மலிவு என்ன பெறுமதி என்று நான் சொல்லத் தேவையில்லை. வீடு சூடாக்கும் எண்ணெயை ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். ரோட்டு டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது, சூடாக்கும் எண்ணெயில் 1,000 வரை இருக்கலாம், அது புகை வடிகட்டியைக் கெடுத்துவிடும். ஆகவே எங்காவது யார்ட்டில், பில் இல்லாமல், காசுக்கு மட்டும் டீசல் என்றால் வண்டியை அங்கே திருப்ப வேண்டாம். சிவப்பு டீசல் விற்கிறவர்கள் எச்எம்ஆர்சியில் பதிந்திருக்க வேண்டும், அவர்கள் கொடுக்கும் சீட்டில் இது ரோட்டு வண்டிக்கு இல்லை என்றும் எழுதியிருக்கும்.

குளிரூட்டி பூட்டிய லொறி வைத்திருக்கும் மீன்கடைக்காரர்களுக்குத் தனியாக ஒரு சொல். முன்பு அந்தக் குளிரூட்டியின் தனி இயந்திரத்துக்குச் சிவப்பு டீசல் ஊற்றலாம். 2022 ஏப்ரல் 1 முதல் அது முடிந்துவிட்டது, கட்டட வேலை இயந்திரங்களுக்கும் அன்றோடு சலுகை போய்விட்டது. இன்னும் "ஃபிரிட்ஜுக்குச் சிவப்பு அடிக்கலாம்" என்று சொல்லி விற்கிறவர்கள் இருக்கிறார்கள், நம்பாதீர்கள். 3.5 தொன்னுக்கு மேற்பட்ட லொறிக்கு ஒப்பரேட்டர் லைசென்ஸ், அதாவது லொறி வைத்துத் தொழில் நடத்தும் உரிமம், வைத்திருக்கிறவர்களுக்கு அந்த உரிமமே ஆட்டம் காணக்கூடிய விஷயம்.

கடந்த ஒன்றிரண்டு வருடத்துக்குள் எசெக்ஸ் பக்கம் பண்ணையில் ஓடிய வான் என்று சொல்லி ஃபுல் டாங்கோடு யாராவது வாங்கியிருந்தால், வேலைக்குப் போகும் முன் ஃபில்டரைத் திறந்து ஒரு போத்தல் எடுத்துப் பாருங்கள். நிறம் இருந்தால் வண்டியை ரோட்டில் இறக்காமல் மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிட்டுத் தாங்கியை வடிக்கச் சொல்லுங்கள், வடித்த எண்ணெயை வடிகானுக்குள் ஊற்றிவிடாமல் முறையாக ஒப்படைத்து அதற்கும் பில் வாங்குங்கள், போத்தல் படத்தையும் விற்றவர் எழுதிய செய்திகளையும் சேமித்து வையுங்கள். எனக்குத் தனியாக எழுதினால் நான் அனுப்பிய கடிதத்தின் பிரதியைத் தருகிறேன், என் வழக்கில் உங்கள் ரசீதும் சேர்ந்தால் இரண்டு பேருக்கும் உதவும்.