சுவரின் வெள்ளையும் தாளின் வெள்ளையும்: மூன்று புதிய படப் புத்தகங்கள்

பத்மநாபபுரம் அரண்மனை இருப்பது தக்கலைப் பக்கம், நம் கன்னியாகுமரி மாவட்டத்தில். பராமரிப்பதோ கேரளத் தொல்லியல் துறை. உப்பரிகை மாளிகையின் மேல்தளச் சுவரோவியங்களை ஆற அமரப் பார்க்க எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. படப் புத்தகம்தான் கதி. நாகர்கோவில் கடை அலமாரிக்கு அப்படி ஒன்று வந்திருக்கிறது, கூடவே வேறு இரண்டு. குறையும் சொல்ல வேண்டியிருப்பதால் பெயர்கள் வேண்டாம். அட்டையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

காவி நிறக் கெட்டி அட்டை போட்டது சுவரோவிய நூல். விலை 2,800 ரூபாய். இதை எடைபோட ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கேரள பாணிச் சுவரோவியத்தில் வெள்ளை என்பது தனியாகப் பூசும் சாயமல்ல. சுண்ணாம்பும் மணலும் கலந்த பூச்சின் மேல், இளநீரில் கரைத்த சுண்ணாம்பை இருபத்தைந்து முப்பது தடவை மெல்லிசாக அடிப்பார்கள். அந்தச் சுவரைத் தீண்டாமல் விட்ட இடம்தான் வெள்ளை. மஞ்சளும் சிவப்பும் காவிக் கற்களிலிருந்து. கறுப்பு விளக்குக் கரி. பச்சைக்கு அவுரிச் சாறும், மலையாளத்தில் இரவிக்கறை என்று சொல்லும் மஞ்சள் பிசினும். எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துவது வேப்பம் பிசின்.

ஆகவே அச்சில் சுவரின் வெள்ளையாக நிற்கப்போவது தாளின் வெள்ளைதான். இந்த நூலில் 170 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 170 கிராம் எடை) பளபளப்பு ஆர்ட் பேப்பர் போட்டிருக்கிறார்கள். கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கைப் பக்கத்தின் மேல் பிடித்தால் நீலமாக ஒளிர்கிறது. வெண்மை கூட்டும் ரசாயனம் தூக்கலாக இருக்கிறது என்று அர்த்தம். விளைவு, நூற்றாண்டு கண்ட சுண்ணாம்பு நீலம் போட்டு வெளுத்த வேட்டி மாதிரித் தெரிகிறது. மங்கலான மேட் தாளில், ரசாயனம் குறைந்ததாகப் பார்த்துப் போட்டிருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும்.

மீதிப் பாதி மையில். காவிச் சிவப்பில் மெஜந்தா என்ற கருஞ்சிவப்பு மை கொஞ்சம் கூடினாலும் குங்குமமாகிவிடும். அவுரிப் பச்சையில் சியான் என்ற நீல மை கூடினால் பெயிண்ட் டப்பாப் பச்சை. இரண்டும் இங்கே நடந்திருக்கிறது, முக்கியமாகப் பின்பாதிப் பக்கங்களில். நிறம் ஒப்பிடும் வண்ண அட்டையை ஓரத்தில் வைத்து எடுத்த படம் ஒன்று முன்பக்கத்தில் இருக்கிறது. படம் எடுத்தவர் ஒழுங்காகத்தான் எடுத்திருக்கிறார், கோட்டை விட்டது அச்சில். சரிபார்க்க நினைப்பவர்கள் கடை டியூப்லைட்டை நம்பாமல் புத்தகத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள்.

பெரிய தப்பு பைண்டிங்கில். அனந்தசயனத்தை இரண்டு பக்கம் முழுக்க விரித்துப் போட்டிருக்கிறார்கள், நல்ல எண்ணம்தான். ஆனால் இது நூல் தையல் போடாமல் வெறும் பசையில் ஒட்டிய புத்தகம். நடு மடிப்பில் இரு பக்கமும் ஆறேழு மில்லிமீட்டர் உள்ளே போய்விடுகிறது, பெருமாளின் முகம் சரியாக அங்கேதான் வருகிறது. அழுத்தி விரித்தால் முதுகு விரிசல் விடும். ஆர்ட் பேப்பரின் மேல்பூச்சு பசையை நாருக்குள் இறங்க விடாது, அதனால் பிடிமானம் குறைவு. வாங்குமுன் முதுகின் மேல்முனையைப் பாருங்கள். மடித்த கற்றைகள் வரிசையாகத் தெரிந்தால் பெரும்பாலும் தையல். தட்டையாக வெட்டின தாள்விளிம்பு மட்டும் தெரிந்தால் பசை.

இரண்டாவது, ஓவியர் ரவி வர்மாவின் அச்சுப்படங்கள் பற்றியது. 1,900 ரூபாய். கிளிமானூர்க்காரரான அவர் 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தில் நிறத்துக்கு ஒரு அச்சுக்கல்லாக அடித்த படங்கள் அவை. ஒழுங்கில்லாத பொடிப்புள்ளிகளே அவற்றின் அழகு. அதைச் சாதாரண ஸ்கிரீனில், அதாவது வரிசைப் புள்ளிகளாக, திருப்பி அச்சடித்தால், பத்து மடங்கு லென்ஸில் ரோஜாப்பூ மாதிரியான இன்றைய புள்ளிவட்டம்தான் தெரியும், கல்லின் பொடி தெரியாது. இந்த நூலில் புள்ளிகளை வரிசையில்லாமல் தெளிக்கும் சிதறல் புள்ளி முறையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். சரஸ்வதியின் சேலை மடிப்பில் கல்லச்சுப் புள்ளி அப்படியே நிற்கிறது. மேட் தாள், நூல் தையல், மேசையில் படுத்து விரிகிறது. ஒரே எரிச்சல்: பல படங்களில் கீழ் ஓரத்தை வெட்டிவிட்டார்கள். அச்சகப் பெயர் இருக்கும் இடம் அதுதானே! பழைய படம் வாங்கி விற்பவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

மூன்றாவது சின்னது, 650 ரூபாய், பழைய தமிழ் எழுத்துமுறையான வட்டெழுத்தின் வடிவமைப்பு பற்றி. நம் மாவட்டத்துச் சிதறால் மலைக் கல்வெட்டும் உண்டு. எழுத்துரு செய்பவர்கள் தாராளமாக வாங்கலாம். கல்லெழுத்தைப் படம் எடுக்க, வெளிச்சம் இடப்பக்க மேலிருந்து சாய்வாக, கல்லை உரசிக்கொண்டு வர வேண்டும். எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தால் குழிந்த எழுத்து புடைத்த மாதிரித் தோன்றும். இதில் நாலைந்து படங்கள் அப்படி ஏமாற்றுகின்றன. புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தால் எழுத்து குழிக்குள் போய்விடும், வாசிக்கத்தான் முடியாது! எழுத்தைப் பார்த்துத் திரும்ப வரைந்த மறுவரைவில் கோட்டின் தடிமன் எல்லாம் ஒரே சீராக இருப்பது இன்னொரு குறை. உளி இறங்கிய இடத்தின் அகலமும் வழுக்கி வெளியேறிய இடத்தின் மெலிவும் காணோம்.

இங்கே இரண்டு பருவமழையும் பெய்கிறது, அதை மறக்காதீர்கள். பிளாஸ்டிக் உறையை வந்த அன்றே கிழித்துவிடுங்கள். உள்ளே ஈரம் தங்கினால் பூஞ்சை வரும். ஆர்ட் பேப்பர் நனைந்து மூடியபடியே காய்ந்தால் செங்கல்லாக ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரியாது. ஈரம் இருக்கும்போதே தாள் தாளாகப் பிரித்து இடையில் மெழுகுத்தாள் வையுங்கள். கனமான புத்தகத்தை நிமிர்த்தி வைக்காமல் படுக்கவைப்பது நல்லது.

காவி அட்டையை இப்போதே வாங்கிவிட்டு உள்ளூர் பைண்டரிடம் தைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். பசை பைண்டிங்கில் மடிப்பையே சீவி எடுத்துவிடுவதால் கற்றையாகத் தைக்க வழியில்லை. ஓரத்தில் துளை போட்டுக் குத்துத் தையல்தான் போட முடியும். அது இன்னும் ஒரு சென்டிமீட்டரை விழுங்கும். பெருமாளின் முகத்தில் மிச்சமிருப்பதும் நூலுக்குள் போய்விடும். தையல் போட்ட மறுபதிப்பு வரட்டும்.