சரக்கொன்றையா, குல்மொகரா?

சித்திரை வெயிலிலும் தெருவில் நின்று அண்ணாந்து பார்க்க வைப்பவை இந்த இரண்டு மரங்கள்தான். குல்மொகர் மடகாஸ்கரிலிருந்து வந்தது. குடையாக விரிந்து, இலையே தெரியாமல் சிவந்து நிற்கும். கீழே விழுந்த பூவை எடுத்துப் பாருங்கள்: 5 இதழ்களில் ஒன்றில் மட்டும் வெள்ளையும் மஞ்சளும் தீற்றியிருக்கும். தூரத்திலிருந்து இது தெரியாது.

சரக்கொன்றை நம் மண்ணின் மரம், சிவன் சூடும் பூ. தொங்கும் மஞ்சள் சரங்களுக்குள் வெயில் புகுந்தால் மரமே விளக்காகிவிடும். கேரளத்தில் விஷுக்கனிக்கு இதுதான். தாய்லாந்தின் தேசிய மலரும் இதுவே. அப்புறம் தொங்கும் நீளமான கருப்புக் காய்களை அழகு என்று சொல்ல மாட்டேன்.

நிழலுக்குக் குல்மொகர். ஆனால் காற்றில் கிளை சட்டென்று ஒடியும், அடியில் வண்டியை நிறுத்தாதீர்கள். வீட்டு வாசலுக்கு என்றால், என் ஓட்டு கொன்றைக்கே.