60 செ.மீ. மேசையில் எந்த ரயில் திரும்பும்?

என் மாடல் ரயிலுக்கென்று வீட்டில் கிடைத்தது 90-க்கு 60 செ.மீ. மேசை ஒன்று. வண்டி உருண்டு தரையில் விழாமலிருக்க இரு பக்கமும் இரண்டு விரல் இடம் விட்டால், தண்டவாளத்தின் நடுக்கோட்டுக்குக் கிடைக்கும் வளைவு ஆரம் ஏறக்குறைய 25 செ.மீ. இதைக் கணக்குப் போடாமல் முதலில் நான் வாங்கியது ஒரு புல்லட் ரயில். "எந்த டிராக்கிலும் ஓடும் சார்" என்று கடைக்காரர் சொன்னார், நானும் தலையாட்டிவிட்டேன். முதல் வளைவிலேயே இரண்டாவது பெட்டியின் மூக்கு முன்பெட்டியின் மூலையில் இடித்து, 'டக்' என்று ஒரு சத்தம், மூன்று பெட்டிகள் சாய்ந்தன. வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். மெதுவாகச் சாய்ந்தன.

அதன் பிறகுதான் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் 'குறைந்தபட்ச ஆரம்' என்ற வரியைப் படிக்கும் பழக்கம் வந்தது. அந்த எண்ணுக்குப் பொருள் 'தடம் புரளாது' என்பது மட்டுமே. பார்க்க நன்றாக இருக்கும் என்றோ, பின்னோக்கித் தள்ளினாலும் தண்டவாளத்திலேயே நிற்கும் என்றோ அது சொல்லவில்லை. இதைவிட எளிய அளவுகோல் ஒன்று உண்டு. உங்களிடம் இருப்பதில் நீளமான பெட்டியை அளந்துகொள்ளுங்கள். ஆரம் அதைப்போல் 3 மடங்கு இருந்தால் நிம்மதி. இரண்டரை என்றால் ஓடும். 2-க்குக் கீழே போனால், தயாரித்தவர் ஏதோ தந்திரம் செய்திருந்தால்தான் பிழைப்பு.

ஹெச்ஓ ஸ்கேலை (1:87, அதாவது நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு) எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனத் தண்டவாளத்தில் வழக்கமான ஓவலின் சிறிய வளைவு 360 மி.மீ.; இங்கிலாந்தின் ஹார்ன்பி (அது ஓஓ, 1:76, தண்டவாள அகலம் மட்டும் ஒன்றே) 371 மி.மீ. என் மேசையில் இரண்டும் உட்காராது, 80 செ.மீ. அகலமாவது வேண்டும். ஆனாலும் மார்க்லின்காரர்களின் தந்திரம் சொல்லத் தகுந்தது. ஜெர்மனியின் 26.4 மீட்டர் பயணிகள் பெட்டி 1:87-இல் 303 மி.மீ. வர வேண்டும். அவர்கள் நீளத்தை மட்டும் 1:93.5 கணக்கில் குறைத்து 282 மி.மீ. ஆக்கிவிடுகிறார்கள். பெட்டிகளை இணைக்கும் கப்ளிங்கும் வளைவில் தானாகக் கொஞ்சம் நீண்டு, நேர்ப்பாதையில் மறுபடி நெருங்கிக்கொள்ளும். அமெரிக்காவின் பிக் பாய் என்ற ராட்சத நீராவி இன்ஜினுக்கு நிஜத்தில் முன்பாதிச் சக்கரத்தொகுதிதான் திரும்பும். மார்க்லின் மாடலில் இரண்டு பாதியும் திரும்புவதால் அது 360 மி.மீ. வளைவையும் கடந்துவிடும். கடக்கும், சரி. கொதிகலன் வளைவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு போகும் காட்சி, சந்துக்குள் லாரி திருப்புவதைப் போலிருக்கும். பக்கத்தில் சிக்னல் கம்பம் நட்டிருந்தால் தட்டிவிட்டுத்தான் போகும்.

'என்' (N) ஸ்கேல் என்றால் 9 மி.மீ. தண்டவாளம், ஜப்பான் ரயில்களுக்கு 1:150. இடமில்லாத நாட்டில் வளர்ந்த பொழுதுபோக்கு என்பதால், நெருக்கடிக்கு அவர்களிடம் வழி இருக்கிறது. ஜப்பான் நிறுவனம் கேட்டோவின் யூனிட்ராக் தண்டவாளத்தில் 249 மி.மீ. வளைவு என் மேசைக்குச் சரியாகப் பொருந்துகிறது. ஜப்பானின் 20 மீட்டர் மின்ரயில் பெட்டி மாடலில் 133 மி.மீ.; ஆரம் அதைப்போல் 1.9 மடங்குகூட இல்லை. ஆனாலும் பெரும்பாலானவை ஓடுகின்றன. காரணம், கப்ளிங் பெட்டியின் உடலில் இல்லாமல் கீழே சுழலும் போகியோடு சேர்ந்து திரும்புவது. (நம்மூரில் பெட்டியையே போகி என்கிறோம். இங்கே நான் சொல்வது பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தை.) ஷின்கான்சென், அதாவது புல்லட் ரயில், வேறு கதை. அதன் அளவு 1:160, பெட்டி 25 மீட்டர், மாடலில் 156 மி.மீ.; பொதுவாகக் கேட்பது 315 மி.மீ. ஆரம். என் புல்லட் ரயில் விழுந்ததற்கு விளக்கம் இவ்வளவுதான். நிஜ டோக்கைடோ ஷின்கான்சென் பாதையின் வளைவு ஆரம் பொதுவாக 2,500 மீட்டருக்குக் குறையாது. அதை 160-ஆல் வகுத்தால் 15.6 மீட்டர் வரும். என் வீட்டுக்குள் அந்த வளைவு அடங்காது, மாடியையும் சேர்த்தாலும் அடங்காது.

அதே 'என்' (N) ஸ்கேலில் ட்ராமும் குட்டி ரயிலும் வந்தால் கணக்கே மாறிவிடுகிறது. கேட்டோவின் காம்பாக்ட் வரிசையில் 117 மி.மீ. வளைவு உண்டு, இன்னொரு ஜப்பான் நிறுவனமான டோமிக்ஸில் 103, 140, 177 மி.மீ. 117 மி.மீ. வட்டம் ஓர் ஏ3 தாளின் மேல் அடங்கும். இதைப் பார்த்துப் பொம்மை என்று சிரிக்க வேண்டாம்: 117-ஐ 150-ஆல் பெருக்கினால் 17.5 மீட்டர். நிஜ ட்ராம்கள் தெருமுனையில் 20 மீட்டருக்கும் குறைவான ஆரத்தில் திரும்புவது உண்டு. அதாவது இந்த மேசையில் அளவு பிசகாமல் ஓடக்கூடியது ட்ராம்தான். பாக்கெட் லைன் எனப்படும் குட்டி இன்ஜினும் அதன் பெட்டிகளும் இந்த வளைவில் முனகாமல் போகும். முழுநீளப் பெட்டியை மட்டும் ஏற்றிப் பார்க்காதீர்கள்.

இசட் ஸ்கேல் (1:220) இன்னும் சிறியது என்பதால் பலர் அங்கே ஓடுகிறார்கள். மார்க்லினின் சிறிய வளைவு 145 மி.மீ., அதில் 120 மி.மீ. பெட்டி, மடங்கு 1.2 தான். சக்கரத்தில் தூசி பட்டால் நின்றுவிடும், கீழே போட்டால் தேட பூதக்கண்ணாடி வேண்டும். கண் நன்றாக இருப்பவர்கள் முயலட்டும்.

எனக்குப் பிடித்தது குறுகிய பாதை ரயில். ஓஓ-9 என்றால் 1:76 அளவில் 9 மி.மீ. தண்டவாளம். நிஜத்தில் இது 686 மி.மீ. அகலம், வேல்ஸின் டாலிலின் ரயில்பாதை சரியாக இதே அகலம். இங்கிலாந்தின் பெக்கோ நிறுவனம் இதற்குத் தரும் வளைவு 228 மி.மீ. டார்ஜிலிங் மலை ரயிலின் அகலம் 610 மி.மீ., ஆனாலும் ஓஓ-9 ஆட்கள் அதையும் இதே தண்டவாளத்தில்தான் ஓட்டுவார்கள். அங்கே 'அகோனி பாயின்ட்' வளைவின் ஆரம் சுமார் 18 மீட்டர். 1:76-இல் 236 மி.மீ. பெக்கோ வளைவுக்கும் அதற்கும் ஒரு சுண்டுவிரல் அகலம்கூட வித்தியாசமில்லை! பெக்கோவும் கேட்டோவும் சேர்ந்து கொண்டுவந்த, வேல்ஸின் ஃபெஸ்டினியாக் ரயில்பாதையின் 'ஸ்மால் இங்கிலாந்து' இன்ஜினுக்கு நாலே உந்துசக்கரங்கள். அச்சுகள் நெருங்கியிருப்பதால் வளைவில் முரண்டு பிடிக்க வழியில்லை. குறையும் அங்கேதான்: நெருங்கிய சக்கரங்கள் பாயின்ட்டின் (பாதை இரண்டாகப் பிரியும் தண்டவாளத் துண்டின்) நடுவிலிருக்கும் பிளாஸ்டிக் துண்டில் மின்சாரத்தை இழந்து நின்றுபோகும், விரலால் தள்ளிவிட வேண்டும். பாயின்ட் வாங்கும்போது அந்த நடுத்துண்டு உலோகமா என்று பாருங்கள். விலையும் ஜப்பான் ட்ராமைவிடக் கூடுதல்.

எதை எடுத்தாலும் ஒரு எச்சரிக்கை. இடப்பக்கம் ஒரு வளைவு, உடனே வலப்பக்கம் ஒரு வளைவு என்று 'எஸ்' வடிவில் போடாதீர்கள். நடுவில் ஒரு பெட்டி நீளத்துக்காவது நேர்த்துண்டு வையுங்கள். ஒவ்வொரு வளைவிலும் தனித்தனியாக நன்றாக ஓடும் ரயில்கூட அங்கே பின்னோக்கித் தள்ளும்போது சரிந்துவிடும்.

என் மேசையில் இப்போது வெளிவட்டம் 249, அதில் மூன்று பெட்டி மின்ரயில். உள்ளே 117, அதில் ட்ராம். பக்கத்து வீட்டுப் பையன் வந்தால் ட்ராமைத்தான் கேட்கிறான். புல்லட் ரயிலின் முன்பெட்டி புத்தக அலமாரியில், 248 மி.மீ. நேர்த்துண்டு ஒன்றின் மேல் நிற்கிறது.