சிறுநீர் பார்க்கும் கமோடு: எந்த க்ளெய்ம் எக்ஸாமினரைத் தாண்டும்?

பெங்களூரில் பீன்யாவிலோ எலெக்ட்ரானிக் சிட்டியிலோ உருவாகும் சிறுநீர்ப் பரிசோதனைக் கமோடுக்குக் காப்புரிமை அலுவலகம் கிண்டியில் இருக்கிறது. கர்நாடகம் சென்னை அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறது. விண்ணப்பம் இணையத்தில் போய்விடும், ஹியரிங் வீடியோவில் நடக்கும். மறுக்கப்பட்டால் மேல்முறையீடு மெட்ராஸ் ஹைகோர்ட்டில். இந்தக் கருவிக்குப் பொருந்தும் முக்கியமான தீர்ப்பும் அங்கிருந்துதான் வந்திருக்கிறது.

கமோடுக்குள்ளேயே சிறுநீர்ப் பரிசோதனை என்ற ஒரே கண்டுபிடிப்பை நாலு விதமான க்ளெய்மாக, அதாவது எதன்மேல் உரிமை வேண்டும் என்று விண்ணப்பத்தில் சொல்லும் வாசகமாக, எழுதலாம்: பரிசோதிக்கும் முறையாக, கருவியாக, நிறம் மாறும் சோதனை ஸ்ட்ரிப்களை அடைத்து உள்ளே போடும் கேட்ரிட்ஜாக, நிறத்தைப் படிக்கும் மென்பொருளாக. விண்ணப்பத்தை ஆராயும் எக்ஸாமினரைத் தாண்டுவது எது, தாண்டிய பிறகு போட்டியாளரைத் தடுப்பது எது என்று இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். முதலில் எளிதாகத் தோன்றுவது பெரும்பாலும் இரண்டாவதில் தோற்கிறது.

எந்த வழியில் போனாலும் ஏற்கெனவே வெளிவந்தவை எதிரே நிற்கும். ஜப்பானில் டோட்டோவும் டைவா ஹவுஸும் சேர்ந்து 2005-லேயே சிறுநீர்ச் சர்க்கரை பார்க்கும் கமோடை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டன. 2020-ல் ஸ்டான்ஃபோர்டு குழு ஸ்ட்ரிப்பையும் கேமராவையும் கமோடில் பொருத்தி, யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதை ஆசனவாய் ரேகையை வைத்து அடையாளம் காணும் ஏற்பாட்டை வெளியிட்டது. அதற்கு 2023-ல், சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசுகூடக் கிடைத்தது. 2023 ஜனவரியில் விதிங்ஸ் நிறுவனம் கிண்ணத்துக்குள் வைக்கும் உள்ளங்கை அளவு கருவியை அறிவித்தது. ஆகவே ‘கமோடில் சிறுநீர் சென்சார்’ என்று அகலமாக எழுதும் முதல் க்ளெய்ம் புதுமை என்ற படியிலேயே விழுந்துவிடும்.

முறையா, கருவியா

காப்புரிமைச் சட்டம் 1970, பிரிவு 3, உட்பிரிவு ‘ஐ’: மனிதருக்கான நோயறிதல், சிகிச்சை ஆகியவற்றுக்கான செயல்முறைகளுக்குக் காப்புரிமை கிடையாது. ‘சிறுநீரில் குளுக்கோஸை அளந்து நீரிழிவைக் கண்டறியும் முறை’ என்று எழுதினால் எஃப்.இ.ஆர் எனப்படும் முதல் ஆய்வறிக்கையில் இந்த ஆட்சேபம் கட்டாயம் வரும்.

பரிசோதனை உடம்புக்கு வெளியேதானே நடக்கிறது என்று வாதாடுவது ஐரோப்பியப் பழக்கம். அங்கே சட்டம் ‘மனித உடல்மீது செய்யப்படும்’ நோயறிதலை மட்டுமே விலக்குகிறது. 2005-ல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் விரிவாக்கப்பட்ட மேல்முறையீட்டு வாரியம் ஜி 1/04 கருத்துரையில் அதை இன்னும் குறுக்கியது. நம் சட்டத்தில் அந்தச் சொற்கள் இல்லை. ஹாங்காங் சீனப் பல்கலைக்கழக வழக்கில் 2023 அக்டோபரில் மெட்ராஸ் ஹைகோர்ட் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: உடலுக்கு உள்ளே, வெளியே என்ற பிரிப்பு இங்கே செல்லாது. அதே தீர்ப்பு ஒரு கதவையும் திறந்து வைத்தது. சிகிச்சைக்கு உதவும் வகையில் நோயை வெளிப்படுத்தும் செயல்முறைதான் ‘நோயறிதல்’. அப்படி எதையும் சொல்லாத அளவீடு விலக்கில் வராது. அந்த விண்ணப்பதாரர் வென்றதும் இந்த வாதத்தில்தான்.

இதைச் சிறுநீருக்குப் பொருத்திப் பாருங்கள். ஒப்படர்த்தியை (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) அளந்து ‘தண்ணீர் குறைவாகக் குடிக்கிறீர்கள்’ என்று சொல்லும் முறைக்கு வாதாட இடம் உண்டு. சர்க்கரை, புரதம், ரத்தம் பார்க்கும் முறைக்கு மிகக் கொஞ்சம்.

கருவி க்ளெய்முக்கு இந்தச் சிக்கல் அடிப்படையிலேயே இல்லை, ஏனென்றால் உட்பிரிவு ‘ஐ’ பேசுவது செயல்முறையைப் பற்றி மட்டும். ஆனால் கருவி க்ளெய்மின் கடைசி வரியில் ‘நீரிழிவைக் கண்டறியும் செயலி’ என்று சேர்த்தால், முறையையே கருவி வேடத்தில் கொண்டுவந்திருக்கிறீர்கள் என்று ஆட்சேபம் எழும். நோயின் பெயர் எதுவும் க்ளெய்மில் வேண்டாம். ‘நிற மதிப்பைச் செறிவு மதிப்பாக மாற்றி வெளியிடும் அலகு’ என்பதோடு நிறுத்துங்கள். நீரிழிவைப் பற்றி விளக்கப் பகுதியில் வேண்டியமட்டும் எழுதலாம்.

வழக்கு என்று வந்தாலும் முறை க்ளெய்ம் பலவீனமானது. அதை மீறுபவர் யார்? காலையில் எழுந்து கமோடில் உட்காருகிற வீட்டுக்காரர். மீற உதவியவரைப் பிடிக்கும் ‘துணைமீறல்’ என்று தனியாக ஒரு பிரிவு நம் சட்டத்தில் இல்லை. கருவி விற்ற நிறுவனத்தை முறை க்ளெய்மை வைத்துப் பிடிப்பது சிரமம்.

கருவி க்ளெய்முக்கு வரும் உண்மையான அடி

பிரிவு 3, உட்பிரிவு ‘எஃப்’. தெரிந்த சாதனங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றும் தன் வேலையைத் தனித்தனியே வழக்கம்போலச் செய்தால் அது கண்டுபிடிப்பு இல்லை. கமோடு, பம்பு, ஸ்ட்ரிப், நிற சென்சார் எல்லாமே தெரிந்தவை. இதோடு ‘கண்டுபிடிப்புப் படி இல்லை’ (துறை தெரிந்தவருக்கு இது எளிதில் தோன்றக்கூடியதுதான்) என்ற ஆட்சேபமும் சேர்ந்தே வரும். பாத்திரம் செய்யும் கருவி ஒன்றைப் பற்றிய பிஷ்வநாத் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978-ல் சொன்னது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது: சேர்க்கையிலிருந்து புதிய பலன் ஏதாவது வர வேண்டும், பட்டறையில் செய்யும் சாதாரண மாற்றம் போதாது.

அந்தப் பலன் கிடைக்கும் இடம் ஸ்ட்ரிப் வேதியியலில் இல்லை, மாதிரி எடுப்பதில் இருக்கிறது. ஸ்ட்ரிப்பில் உள்ள குளுக்கோஸ் பட்டை குளுக்கோஸ் ஆக்சிடேஸ், பெராக்சிடேஸ் என்ற இரண்டு நொதிகளில் வேலை செய்கிறது. முதல் நொதி உண்டாக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு சாயத்தை ஆக்சிஜனேற்றும்; நிறம் மாறும். பிளீச்சில் உள்ள ஹைப்போகுளோரைட்டும் அதே சாயத்தை நேரடியாக ஆக்சிஜனேற்றும். கிண்ணத்தில் பிளீச் எச்சம் இருந்தால் சர்க்கரையே இல்லாதவருக்கும் பாசிட்டிவ் காட்டும். ரத்தப் பட்டையிலும் இதே கோளாறு. வைட்டமின் ‘சி’ மாத்திரை போடுகிறவருக்கு நேர் எதிராக, இருப்பதையும் இல்லை என்று காட்டலாம். கடையில் வாங்கும் டாய்லெட் கிளீனர்களில் பெரும்பாலானவை ஹைட்ரோகுளோரிக் அமிலம், அது பி.எச் பட்டையைக் கெடுக்கும். லேபில் பிளாஸ்டிக் குப்பியில் பிடிக்கும் மாதிரிக்கு இந்தத் தொல்லைகளில் வைட்டமின் ஒன்றுதான் உண்டு. மற்றவை கமோடுக்கே உரியவை, அதனால்தான் காப்புரிமைக்கு உதவுகின்றன.

நம் ஊர்க் கழிவறை இன்னும் இரண்டைச் சேர்க்கிறது. ஹெல்த் ஃபாசெட் தண்ணீர் சேகரிப்புக் குழியில் விழுந்தால் சிறுநீர் நீர்த்து ஒப்படர்த்தி குறையும். பெங்களூரின் பல பகுதிகளில் ஓடும் போர்வெல் தண்ணீரின் சுண்ணாம்பு, அலசும் நுண்குழாயில் படிந்து துளையைக் குறுக்கும். ‘5 விநாடி அலசு’ என்று நேரத்தை வைத்து வடிவமைத்தால் நாளடைவில் அந்த 5 விநாடியில் போதிய தண்ணீர் வராது. பழைய மாதிரி உள்ளேயே தங்கி அடுத்தவரின் முடிவில் கலக்கும்.

இதையெல்லாம் தீர்க்கும் அமைப்பைத்தான் க்ளெய்மில் எழுத வேண்டும். உதாரணத்துக்கு: கிண்ணத்தின் முன்சுவரில், நீர்மட்டத்துக்கு மேலே ஒரு குழி, அதில் மின் கடத்துதிறனை அளக்கும் மின்முனைகள், வரும் தண்ணீரின் கடத்துதிறனை முதலில் குறித்துக்கொண்டு, குழியின் அளவு அதற்குத் திரும்பும்வரை அலசும் வால்வு, திரும்பிய பிறகே ஸ்ட்ரிப்பை முன்னே நகர்த்த அனுமதிக்கும் பூட்டு, மாதிரி எடுத்தவுடன் குழியின் வாயை மூடும் தகடு. சிறுநீரின் கடத்துதிறன் குழாய்த் தண்ணீரைவிடப் பல மடங்கு அதிகம், அமில எச்சமும் அப்படியே. எனவே ஒரே சென்சார் பழைய மாதிரியையும் கிளீனரையும் பிடித்துவிடும். இங்கே சென்சார் சொல்லாமல் வால்வு மூடாது, வால்வு மூடாமல் ஸ்ட்ரிப் நகராது. ‘தனித்தனியே இயங்கும் சாதனங்கள்’ என்ற ஆட்சேபத்துக்கு இதைவிட நேரான பதில் கிடையாது.

பதிலுக்கு அளவீடு வேண்டும், அதுவும் விண்ணப்பம் போடும் நாளிலேயே. குளுக்கோஸ் 0, 100, 250, 500 மி.கி./டெ.லி. கரைசல்களை, சுத்தமான கிண்ணத்திலும் கிளீனர் ஊற்றி ஒரு முறை ஃப்ளஷ் செய்த கிண்ணத்திலும், உங்கள் அலசல் பூட்டோடும் அது இல்லாமலும் ஓட்டி அட்டவணை போடுங்கள். குளுக்கோஸ் பட்டையை 30 விநாடியிலும் வெள்ளணுப் பட்டையை 2 நிமிடத்திலும் படிக்க வேண்டும் என்ற நேர வேறுபாட்டையும் குறிப்பிடுங்கள். பூட்டு எந்த வரிசையில் திறக்கிறது என்பதற்கு அதுவே காரணம். இந்த அட்டவணை இல்லாத விண்ணப்பங்கள் ஹியரிங்கில் வெறும் சொற்போராக முடிகின்றன.

கேட்ரிட்ஜ்

வருமானம் வரும் இடம் இது. கமோடு ஒரு முறை விற்கும், கேட்ரிட்ஜ் மாதாமாதம் விற்கும். கருவிக்கு மட்டும் காப்புரிமை வைத்திருந்தால், மலிவுக் கேட்ரிட்ஜ் மட்டும் செய்து விற்பவர் கமோடைச் செய்யவும் இல்லை, விற்கவும் இல்லை. அவரைப் பிடிக்க வழியில்லை.

கேட்ரிட்ஜின் தொழில்நுட்பச் சிக்கல் ஈரப்பதம். ஸ்ட்ரிப் டப்பாவை இறுக மூடி, உள்ளே ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போடுவதற்குக் காரணம் உண்டு: திறந்து வைத்தால் பட்டைகள் பயன்படுத்தும் முன்பே நிறம் மாறும். வெந்நீர்க் குளியல் நடக்கும் அறையில் இது பல மடங்கு வேகமாகும். ஒவ்வொரு பட்டையும் தனித் தாள்மூடியில் அடைபட்டு, அலசல் முடிந்த சமிக்ஞைக்குப் பிறகே ஊசி குத்தித் திறக்கும் அமைப்பு நல்ல க்ளெய்ம். அந்தக் குத்துவாயும் கமோடில் அது அமரும் இருக்கையும் ஒன்றுக்கொன்று பொருந்தும் உறுப்புகளாக இரு க்ளெய்ம்களிலும் வர வேண்டும். இல்லாவிட்டால் பிரிவு 10(5)-இன்படி ‘ஒரே கண்டுபிடிப்புக் கருத்து இல்லை’ என்ற ஆட்சேபம் வரும். வந்தால் பெரிய நஷ்டமில்லை: பிரிவு 16-இன்கீழ் ஒன்றைத் தனியாகப் பிரித்து இன்னொரு விண்ணப்பம் போடலாம். சின்ஜென்டா வழக்கில் 2023-ல் டெல்லி ஹைகோர்ட் அமர்வு, பிரித்தெடுக்கும் கண்டுபிடிப்பு விளக்கப் பகுதியில் இருந்தாலே போதும் என்று சொல்லியிருக்கிறது.

மென்பொருள் க்ளெய்ம் இவற்றில் ஆகக் கடைசி. உட்பிரிவு ‘கே’ அல்காரிதத்தை விலக்குகிறது. டெல்லி ஹைகோர்ட்டின் ஃபெரித் அல்லானி தீர்ப்புக்குப் பிறகு, தொழில்நுட்ப விளைவு காட்டினால் வழி உண்டு. எல்.இ.டி. மங்குவதை ஒரு வெள்ளைப் பட்டையை வைத்துத் திருத்தும் ஏற்பாடு நிற்கலாம். ஆப்பில் வாராந்திர வரைபடம் காட்டுவது நிற்காது.

வடிவப் பதிவு வேறு வகை: 10 ஆண்டு, பிறகு 5 ஆண்டு நீட்டிப்பு, கட்டணம் குறைவு. கண்ணுக்குத் தெரியும் தோற்றத்துக்கு மட்டும். உள்ளே மறைந்த குழிக்கு உதவாது. வடிவப் பதிவைக் காப்புரிமை விண்ணப்பத்துக்கு முன்னால் வெளியாக விடாதீர்கள்.

போடும் வரிசை

முறை க்ளெய்மோடு தொடங்கி, ஆட்சேபம் வந்தால் கருவியாக மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பது பலர் விழும் குழி. திருத்தப்பட்ட க்ளெய்ம் பழைய க்ளெய்மின் எல்லைக்குள் முழுதாக அடங்க வேண்டும் என்கிறது பிரிவு 59. கருவி க்ளெய்ம் முதல் நாளே இருக்க வேண்டும். ஐரோப்பாவுக்காக முறை க்ளெய்ம் வேண்டும் என்றால் கூடவே வைக்கலாம். 10-க்கு மேல் ஒவ்வொரு க்ளெய்முக்கும் ஸ்டார்ட்-அப்புக்கு 320 ரூபாய். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2012 மேயோ தீர்ப்புக்குப் பிறகு, உடலில் உள்ள பொருளுக்கும் நோய்க்கும் உள்ள இயற்கையான தொடர்பை மட்டும் சொல்லும் முறை அங்கும் ஓடாது.

அமெரிக்காவில் முதலில் போடுவது என்று முடிவெடுப்பதற்கு முன் பிரிவு 39-ஐப் பாருங்கள். இந்தியாவில் வசிப்பவர் இங்கே போட்டு 6 வாரம் காத்திருக்க வேண்டும், அல்லது படிவம் 25-இல் அனுமதி வாங்க வேண்டும். கண்காட்சியில் காட்டிவிட்டுப் பிறகு போடலாம் என்பதும் இங்கே ஆபத்து: 12 மாதச் சலுகை அரசு அறிவிக்கை செய்த கண்காட்சிகளுக்கு மட்டும்.

ஸ்டார்ட்-அப்புக்கான இணையக் கட்டணத்தைக் கூட்டிப் பார்க்கலாம். 14 க்ளெய்ம், 38 பக்கம்: அடிப்படை 1,600, கூடுதல் நாலு க்ளெய்முக்கு 1,280, 30-க்கு மேற்பட்ட எட்டுப் பக்கத்துக்கு 1,280, மொத்தம் 4,160. துரித ஆய்வுக்கான படிவம் 18-ஏ 8,000, முன்கூட்டிய வெளியீட்டுக்கான படிவம் 9 2,500. எல்லாம் சேர்த்து 14,660 ரூபாய், ஏஜென்ட் கட்டணம் தனி. சாதாரண வரிசையில் போனால் ஆய்வு கோரும் படிவம் 18-க்கு 4,000. 2024 மார்ச் 15-க்குப் பிந்தைய விண்ணப்பங்களுக்கு அதைக் கொடுக்க 31 மாதம்தான், பழைய 48 இல்லை. எஃப்.இ.ஆர் வந்தபின் பதிலுக்கு 6 மாதம், ஹியரிங் முடிந்தபின் எழுத்து வாதத்துக்கு 15 நாள்.

துரித வழிக்கு ஒரு விலை உண்டு. படிவம் 9 போட்டால் சுமார் ஒரு மாதத்தில் உங்கள் விண்ணப்பம் வெளியாகிவிடும்; அதன் பிறகு நீங்களே செய்யும் மேம்பாட்டுக்கு எதிராக உங்கள் ஆவணத்தையே எக்ஸாமினர் காட்டுவார். கேட்ரிட்ஜ் வடிவம் இன்னும் முடியவில்லை என்றால் சாதாரண வரிசையே நல்லது. அவசரம் என்றால், கருவியை முதலில் போட்டு, கேட்ரிட்ஜ் மாற்றங்களைப் பிரிவு 54-இன்கீழ், முதன்மைக் காப்புரிமையோடு இணையும் சேர்க்கைக் காப்புரிமையாகக் கேளுங்கள். முதன்மைக் கண்டுபிடிப்போடு ஒப்பிட்டுக் கண்டுபிடிப்புப் படி இல்லை என்ற ஒரே காரணத்தால் அதை மறுக்க முடியாது. புதுமை மட்டும் இருக்க வேண்டும். புதுப்பிப்புக் கட்டணமும் தனியாகக் கிடையாது, ஆனால் முதன்மைக் காப்புரிமை முடியும் நாளில் அதுவும் முடிந்துவிடும்.