1000 வாட்ஸ் என்ற எண்ணை மட்டும் நம்பி ஸ்பீக்கர் வாங்காதீர்கள்

பாட்டு ஒத்திகைக்காக வாங்கிய ஜோடி ஸ்பீக்கரில் ஒன்று மூன்றே வாரத்தில் போய்விட்டது. எந்த இடத்தில் ஏமாந்தேன் என்பது இப்போது தெளிவாகத் தெரிகிறது. இன்னொருவர் அதே இடத்தில் மாட்டக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

பெட்டியில் கொட்டை எழுத்தில் 1000 வாட்ஸ். "இது தொடர்ந்து தாங்குகிற வாட்ஸா?" என்று கேட்டேன். "ஆமாம் சார், டெஸ்ட் பண்ணித்தான் அனுப்புறாங்க" என்றார் விற்றவர். ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினார். பக்கத்திலிருந்த வேறொரு ஜோடியை விடக் கணீரென்று இருந்தது, மயங்கிவிட்டேன். இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்து கேட்டிருக்க வேண்டும். சத்தம் கொஞ்சம் கூடினாலே காது அதை நல்ல ஒலி என்று எடுத்துக்கொள்கிறது.

ஒத்திகை மூன்று மணி நேரம் ஓடும். ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) 500 வாட்ஸ்தான், அதன் எல்லையைத் தாண்டி ஒலி சிதைந்தால் எரியும் கிளிப் விளக்கு ஒருநாளும் சிவக்கவில்லை. முதலில் கீழ் ஸ்தாயியில் ஒரு கரகரப்பு. பிறகு ஒருநாள் கருகல் வாடை, அதோடு கீழ் ஸ்தாயி ஒலியைத் தரும் வூஃபர் அடங்கிவிட்டது. எடுத்துக்கொண்டு போனால், "ஓவரா வச்சு எரிச்சிட்டீங்க, காயில் எரிஞ்சா வாரண்டி கிடையாது" என்றார். பின்தகட்டைத் திருப்பிக் காட்டினார். 1000க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'பீக்'.

பீக் என்பது நொடிப்பொழுது உச்சம். தொடர் திறனைப் போல நான்கு மடங்காக அதைப் போடுவது வழக்கம். அப்படியானால் என் ஸ்பீக்கர் 250 வாட்ஸ்தான். நான் வாய்விட்டுக் கேட்ட கேள்விக்கு அவர் சொன்னது பொய்.

"டெஸ்ட் பண்ணியது" என்றால் எதை, எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். ஐஇசி என்ற சர்வதேச மின்தொழில்நுட்ப அமைப்பின் 60268-5 தரநிலையில், இசையைப் போல வடிவமைத்த இரைச்சலை 100 மணி நேரம் ஓட்டும் சோதனை உண்டு. அது முடிந்தும் ஸ்பீக்கரின் இயல்பு குறிப்பிடத்தக்க அளவு மாறியிருக்கக் கூடாது. குறுகிய கால உச்சத்துக்கோ 1 விநாடி ஓட்டி 60 விநாடி ஓய்வு, அப்படி 60 தடவை. ஏஇஎஸ் என்ற ஒலிப் பொறியாளர் சங்கத்தின் முறையில் பிங்க் நாய்ஸ் எனும் சோதனை இரைச்சலை 2 மணி நேரம் ஓட்டுவார்கள். எல்லாமே நேர்மையான சோதனைகள்தான், ஆனால் ஒன்றில் கிடைத்த எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது. பிஎம்பிஓ (விளம்பரத்துக்குப் போடும் ஒருவகை உச்ச வாட்ஸ்) என்று போட்டிருந்தால் அந்த எண்ணைப் பார்க்கவே வேண்டாம், அதற்குப் பொது அளவுமுறையே இல்லை.

இவ்வளவு நேரம் ஓட்டுவது வெப்பத்துக்காக. ஆம்ப் தரும் மின்சாரத்தில் பெரும்பகுதி ஒலியாவதில்லை, ஸ்பீக்கருக்குள் கம்பி சுற்றிய காயிலில் சூடாகத் தங்குகிறது. செம்புக் கம்பியின் வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸ் கூடினால் அதன் மின்தடை ஏறக்குறைய 39 சதவீதம் கூடும். சத்தம் தானாகக் குறையும், நாம் இன்னும் ஏற்றுவோம், கடைசியில் காயிலை ஒட்டியிருக்கும் பசை இளகும். கடையில் ஐந்து நிமிடம் ஓடும் ஒரு பாட்டில் இதில் எதுவும் வெளியே வராது.

ஒலித்தரத்திலும் இதே கதை. '40 முதல் 20,000 ஹெர்ட்ஸ்' என்று மட்டும் இருந்தால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அந்த எல்லைக்குள் சத்தம் எவ்வளவு ஏறி இறங்கும் என்று, கூட்டல் கழித்தல் 3 டெசிபெல் என்பது போல வரம்பு போட்டிருக்க வேண்டும். சென்சிட்டிவிட்டியையும், அதாவது குறிப்பிட்ட வாட்ஸுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பதையும் கேளுங்கள். அதே வாட்ஸுக்கு 1 மீட்டர் தொலைவில் 3 டெசிபெல் கூடுதலாகத் தரும் ஸ்பீக்கர், பாதி வாட்ஸிலேயே அதே சத்தத்தைத் தந்துவிடும்.

வாங்குமுன் மிதமான சத்தத்தில் 30 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல ஏறும் சைன் ஒலியை (ஒரே சுருதியின் தூய ஒலி) ஓடவிட்டுக் கேளுங்கள். பாட்டில் மறைந்துபோகும் உரசலும் கிடுகிடுப்பும் அதில் தனியாகக் கேட்கும். என்னுடைய மற்ற ஸ்பீக்கரில் இதைச் செய்து பார்த்தேன். எரிந்ததில் முதலில் வந்த அதே கரகரப்பு, அதே கீழ் ஸ்தாயியில். பதிவுசெய்து விற்றவருக்கு எழுத்தில் அனுப்பி, தொடர் திறன் எவ்வளவு, எந்த முறையில் சோதித்தது என்று கேட்டிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை.